மூவாயிரத்தில் ஒன்று

மாங்குளம் விளையாட்டுக் கழகத்தின்
பிங்பொங் மேசைக்கு வலை இல்லை.
நீலப் பெயின்ற் அடித்துக் கடலாக்கினோம்.
ஒன்பதடிக்கு ஐந்தடி.
இதற்குள் இந்து சமுத்திரம் கொள்ளவேண்டும்.

நாற்பத்திரண்டு ஏப்ரல். மட்டக்களப்புக்கு அப்பால்
பிரித்தானியரின் கப்பல், யப்பான்காரரின் விமானம்.
வேறு யாருடையதோ சண்டை என்பதால்தான்
அதைத் தெரிந்தெடுத்தோம் என்று
ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

றெஜினோல்ட் அளம்பிலில் இருந்து
வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு ஒரு கிலோ கொண்டுவந்தான்.
உருக்கி வார்க்கலாம். ஆனால் என்ன அளவில்?

ஆயிரத்து இருநூறில் ஒன்று என்றான்:
பீரங்கி தெரியும், புகைபோக்கி தெரியும்,
கையில் எடுத்தால் பாரம் தெரியும்.
நான் நில அளவைக் கந்தோரில் படம் கீறுபவன்.
கணக்குப் போட்டேன்.
கப்பல் பதினைந்து சென்ரிமீற்றர்,
மேசையோ மூன்றேகால் கிலோமீற்றர்தான்.
கிட்ட நின்று மூஞ்சியில் குத்துவதற்குப்
பீரங்கி எதற்கு?

மூவாயிரத்தில் ஒன்று என்றேன்.
கப்பல் என் சின்னிவிரல்.
கடல் எட்டுக் கிலோமீற்றர்.
அதுவும் காணாது, ஆனாலும் மூச்சு விடலாம்.
இதே அளவில் முல்லைத்தீவு
மேசையிலிருந்து பதினாறு மீற்றர்,
வெளியே வொலிபோல் கம்பத்தடி.
எல்லோரும் ஒருதரம் அந்தக் கம்பத்தைப் பார்த்தோம்.

விமானத்தில்தான் இழுபட்டது.
மூவாயிரத்தில் அது ஐந்து மில்லிமீற்றர்.
“அரிசிக்கு எப்படியடா செட்டை வைக்கிறது?”
விமானத்துக்கு மட்டும் அறுநூறில் ஒன்று எடுப்போம்,
எல்லாரும் அப்படித்தான் செய்யிறவை என்றான்;
கப்பலுக்கு ஒரு கணக்கு, வானத்துக்கு ஒரு கணக்கு.
பால்ரின் தகரத்தில் வெட்டி
ஒரு மாதிரியும் கொண்டுவந்திருந்தான்.
கப்பலுக்குப் பக்கத்தில் வைத்தான்.
குஞ்சின்மேல் பருந்து குந்தியதுபோல் இருந்தது.

நிதர்சினி அதை எடுத்தாள்.
கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடி,
யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.
“இவ்வளவு பெரிசா ஒருநாளும் தெரியேல்லை.
சத்தம்தான் பெரிசு. ஆள் அரிசிதான்.”
கிபிர் என்று அவள் சொல்லவில்லை.
றெஜினோல்ட் தகரத்தை வாங்கிப்
பொக்கற்றுக்குள் போட்டான்.
அளவு முடிவாயிற்று.

பிறகு உயரம்.
பழைய ரீவி அன்ரனாவின் நுனியில் ஒட்டலாம்,
இழுத்தால் ஏறும், அமத்தினால் குத்தி இறங்கும்.
மூவாயிரம் மீற்றர் என்றால்
மேசைக்கு மேலே ஒரு மீற்றர்.
இழுத்துப் பிடித்தேன்.
நின்ற என் நெற்றிக்கு நேரே வந்தது.
அங்கிருந்து பார்த்தால்
கடல் முழுக்க ஒரே பார்வையில் கிடக்கிறது.
கப்பல்கள் வடிவாக, ஒழுங்காக.
ஒன்றிலும் சனம் இல்லை.
பின்னேரம் முழுக்க நான் நின்ற இடம்
எதுவென்று
அப்போதுதான் அளந்திருக்கிறேன்.

கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.
நாடி மேசை விளிம்பில்.
ஈயத்துண்டு அடிவானத்தில் எழும்பி நின்றது,
கொஞ்சம் பாரமாக.

நிதர்சினி விதிக் கொப்பியில் எழுதினாள்:
கப்பல்காரர் இருந்து விளையாடவேண்டும்.
விமானக்காரர் நிற்கலாம்.
“அப்ப நான் விமானம்” என்று சிரித்தான் றெஜினோல்ட்.
கொஞ்சநேரத்தால்,
“இல்லை, மாறி மாறி” என்றான்.

முதல் விமானத்தை வெட்டி முடிக்கக் கரண்ட் போனது.
அது விரலிலிருந்து வழுகிக் கீழே விழுந்தது.
மூன்று பேரும் முழங்காலில்,
போன் வெளிச்சத்தில், சீமெந்துத் தரையைத் தடவினோம்.
ஒரு நெல்லுமி கிடைத்தது.
ஒரு ஈசல் செட்டை கிடைத்தது.
அதை எடுத்து அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தாள் நிதர்சினி.
கொஞ்சம் பெரிசு என்றாள்.