வெளியேற்றவா?

முதலில் வெளிச்சம்தான்.
இரவு இரண்டேகாலுக்குச் சமையல் மேசையில் கிடந்த டேப்லெட்
யாரும் தொடாமல் விழித்துக்கொண்டது.
கால்குலேட்டரைத் திறந்தது, மூடியது.
தேடும் பெட்டியில் ஒரே எழுத்தை நாற்பது முறை எழுதியது,
குளிரில் பல் கிட்டியவன் ஏதோ சொல்ல முயல்வதுபோல.
என் அக்கா ரோசால்பாவை அழைத்தது.
அவள் தூக்கக் கலக்கத்தில் கேட்டாள்:
"யார் போனது?"

புந்தா அரேனாஸில் காற்று
கார்க் கதவைப் பிடுங்கிக்கொண்டு போகும்.
இங்கே பிறந்தவள் நான்,
சத்தத்துக்குப் பயந்தவளில்லை.
இது சத்தமே போடவில்லை.

"ஹேக் பண்ணியிருக்கிறார்கள்" என்றான்
படகு டிக்கெட் கவுண்டரில் பக்கத்து நாற்காலி நிகானோர்,
வரக்கூடாத நோயின் பெயரைச் சொல்வதுபோலக் குரல் தாழ்த்தி.
கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டச் சொன்னான். ஒட்டினேன்.
வைஃபையை அணைத்தேன்.
வங்கியின் பாஸ்வேர்டை மாற்றினேன்,
மாற்றியதை மறந்தேன், மறுபடி மாற்றினேன்.
மின்தடை வந்தால் உதவும் என்று சார்ஜரில் போட்டபடியே
துண்டில் சுற்றி ஓவனுக்குள் வைத்தேன்.
கதவிடுக்கில் ஒளி கசிந்தது,
உள்ளே ரொட்டி வேகிற மாதிரி.

மிலென்கோ கடையில் அதைத் திருப்பிப் பார்த்தான்.
பிளாஸ்திரியைப் பார்த்துச் சிரிக்கவில்லை, நல்லவன்.
என் சார்ஜரைச் செருகினான்: ஆடியது.
பிடுங்கினான்: அடங்கியது.
"எங்கே வாங்கினது?"
"துறைமுகம் பக்கம், தரையில் விரித்து விற்றார்கள்."
"அதுதான். திரைக்குக் கூசுகிறது.
கெட்ட மின்சாரத்தை விரல் என்று நினைத்துக்கொள்கிறது."

அவ்வளவுதானா!
மூன்று இரவுத் தூக்கத்தை விழுங்கியது ஒரு கிச்சுகிச்சு.
பணம் எடுக்கப் பையைத் திறந்தேன்.

"ஒரு நிமிடம், சென்யோரா. இது யார்?"

என் கணக்கில் இரண்டு சாதனங்கள்.
ஒன்று, இது.
மற்றது போன மார்ச்சில் நான் விற்ற கைபேசி,
எதையும் அழிக்காமல்
உறையோடு கொடுத்தது.
இருப்பிடம்: போர்வெனிர், நீரிணைக்கு அக்கரை.
கடைசியாகப் பயன்படுத்தியது: நான்கு நிமிடங்களுக்கு முன்.

என் பெயரில் யாரோ கேட்டிருக்கிறார்கள்:

இரண்டு வயது காய்ச்சல் 39.4
காய்ச்சலில் உடல் வெட்டி இழுத்தால்
நாளைக் காலைப் படகு எத்தனை மணிக்கு
காற்று எப்போது நிற்கும்

கீழே ஒரு சின்னப் பெட்டி:
இந்தச் சாதனத்தை வெளியேற்றவா?

மிலென்கோவின் விரல் அதன்மேல் நின்றது.
நான் அதைத் தள்ளிவிட்டேன்,
ஈயைத் தள்ளுவதுபோல.

நாளைக்குப் படகு இல்லை.
அறிவிப்பை ஒட்டியதே நான்தான்,
ஐந்து மணிக்கு, நான்கு மூலைக்கும் டேப் போட்டு.

குறிப்பேட்டைத் திறந்தேன், இரண்டு திரைக்கும் பொதுவானது.
என் பழைய மளிகைப் பட்டியலுக்குக் கீழே,
வெங்காயம், தீப்பெட்டி, பூனைக்கு மருந்து,
அதற்குக் கீழே எழுதினேன்:
நாளை படகு கிடையாது.
வெட்டி இழுத்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.
உங்கள் ஊர் ஆஸ்பத்திரியை இப்போதே தட்டுங்கள்.
பெயர் போடவில்லை. என்னவென்று போடுவது?

அக்கரையில் ஏதோ ஒரு சமையலறையில்
இப்போது ஒரு கைபேசி
தானாக விழித்து
தானாக எழுதிக்கொண்டிருக்கும்.

காத்திருந்தோம். மிலென்கோ ஷட்டரைப் பாதி இறக்கினான்.
தேடல் பட்டியலில் புதிதாக ஒரு வரி முளைத்தது:

போன் தானே எழுதினால் ஹேக் ஆகிவிட்டதா

சிரித்துவிட்டேன். உடனே வாயைப் பொத்திக்கொண்டேன்.

பதினொரு நிமிடம் கழித்து இன்னொன்று:

போர்வெனிர் ஆஸ்பத்திரி இரவு நுழைவாயில் எந்தப் பக்கம்

பிறகு எதுவும் வரவில்லை.
புது சார்ஜருக்குப் பதினோராயிரம் பெசோ கொடுத்தேன்.
வெளியேற்றவா என்ற கேள்வி
இன்னும் அப்படியே இருக்கிறது.
வியாழக்கிழமை பதில் சொல்லலாம்,
காற்று நின்றால்,
படகு போனால்.