ஏழாம் நிலையம்

பாலிக் பூலாவில் இந்த ஓடைக்குப் பெயர் கிடையாது.
எங்கள் படிவத்தில் ஏழு.

மூன்று நிமிடம்.
கடிகாரம் ரொஸ்னீத்தா கையில்.
நான் கல்லை உதைக்கிறேன்.
கலங்கி வருவதை வலை வாங்கிக்கொள்கிறது.
பூட்ஸுக்குள் பாதி ஓடை.

வெள்ளைத் தட்டில் கவிழ்த்தால்
முதலில் எல்லாமே குப்பை.
டுரியான் பூ, அழுகிய ஜாதிக்காய்,
மைலோ பொட்டலத்தின் பச்சை மூலை.
சும்மா இருக்க வேண்டும்.
தண்ணீர் தெளியத் தெளியக்
குப்பைக்குக் கால் முளைக்கும்.

அட்டைக்கு மூன்று மதிப்பெண்,
செம்புழுவுக்கு இரண்டு,
தும்பிக் குஞ்சுக்கு எட்டு.
ஓர் இனத்தில் நூறு வந்தாலும்
ஒரு தடவைதான் கூட்டுவோம்.
விதி அப்படி.

நாற்பத்தாறு.

ஐம்பதுக்குக் கீழே விழுந்தால்
படிவம் சிவப்பாகும்,
யாராவது ஜீப்பில் ஏறி வருவார்கள்,
வளைவுக்கு மேலே பார்ப்பார்கள்:
அறுத்துவைத்த மலை,
அதன்மேல் நீலத் தார்ப்பாய்,
வெட்கத்துக்குப் போர்த்தியது மாதிரி.

வலையை உதறி மடிக்கும்போது
தையலில் ஒன்று அசைகிறது.
நகத்தளவுகூட இல்லை.
கல்லோடு கல்லாய்த் தட்டை உடல், மூன்று வால்,
இரு விலாவிலும் விசிறி விசிறி
மூச்சு வாங்குகிறது.
அழுக்குத் தண்ணீரில்
முதலில் காணாமல் போகும் சாதி.
இதற்குப் பத்து.

பத்தும் நாற்பத்தாறும் ஐம்பத்தாறு.
ஓடை நலம்.
ஜீப் வராது.

இடது கையில் சாராயக் குப்பி.
குப்பிக்குள் போனால்தான் கணக்கில் வரும்.
தண்ணீரில் விட்டால் பிழைக்கும்,
நான் பொய்யாவேன்,
ஓடைக்கு ஒருவேளை ஆள் வருவார்கள்.

ரொஸ்னீத்தாவைப் பார்த்தேன்.
"நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றாள்.
கடிகாரம் எப்போதோ நின்றிருந்தது.

மழை தூறத் தொடங்கியது.
மூடியைத் திறந்தேன்.
வால்கள் மூன்றும் ஒருமுறை விரிந்தன,
பிறகு அது வெறும் மாதிரி.

ஐம்பத்தாறு என்று எழுதினேன்.
பென்சிலால்தான். மை கரைந்துவிடும்.
போன வருடமும் இதே ஐம்பத்தாறு,
இதே எழுத்தில், என்னுடையதில்.

படிவத்தின் அடியில்
'குறிப்பு' என்று இரண்டு வரி இருக்கும்.
யாரும் நிரப்புவதில்லை.
தொடையில் அட்டையை வைத்து
அழுத்தி எழுதினேன்,
அடுத்த தாளிலும் பதியும்படி:

இம்முறை ஒன்று.
போன வருடம் இதே கல்லில்
முப்பத்திரண்டு.