உறைப்பு

டிசம்பர் முப்பத்தொன்று.
யார்க்டனில் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது.
மழையாகப் புறப்பட்டது
தரை தொட்டதும் கண்ணாடியாகிறது.
வேலிக்கம்பி, தபால்பெட்டி,
பக்கத்து வீட்டு நாயின் சங்கிலி,
எல்லாம் உறைகிறது.

ஒரிசியா
செப்டம்பரில் அடைத்த தக்காளிச் சாற்றுப் புட்டியைத்
திருகித் திறக்கிறாள்.
டக்.
புட்டி கெடவில்லை என்று
இப்போதெல்லாம் காதுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்ச்சில் வந்த காய்ச்சல்
பத்து நாளில் போனது.
போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போனது.
உப்பு தெரியும். புளிப்பு தெரியும்.
இனிப்பு, கசப்பு தெரியும்.
தக்காளி தெரியாது.

"ஆறு மாதம் பொறுங்கள்" என்றார் மருத்துவர்.
பத்தாவது மாதம் இது.
கையளவில் இருந்த சமையல்
கணக்கில் வந்து நிற்கிறது:
சாறு நாலு கப்,
எலுமிச்சை ஒன்றரை,
வொர்ஸ்டர் சாஸ் எட்டுச் சொட்டு,
ஊறுகாய்ப் புட்டியின் அடித்தண்ணீர் இரண்டு கரண்டி
(வெந்தயக்கீரை ஒட்டிக்கொண்டு வந்தால் வரட்டும்),
மிளகு, கை வலிக்கும்வரை.

வோட்கா ஃப்ரிட்ஜின் தலையில்
சுவரைப் பார்த்து நிற்கிறது.
டாரலுக்கு இன்று அழைப்பு வரலாம்.
நெடுஞ்சாலைத் துறையின் பனி வாரும் லாரி,
பதினாறாம் எண் சாலை,
நூற்றுப் பத்து கிலோமீட்டர்.
ஒரு சொட்டும் கூடாது.

இருபத்தாறு வருடத்தில் அவள் சமைத்த எதற்கும்
டாரல் சொன்னது ஒரே சொல்:
நல்லாயிருக்கு.
வெந்தாலும், வேகாவிட்டாலும்,
ஒருமுறை சர்க்கரைக்கு உப்பு விழுந்தபோதும்.
இப்போது அவள் விடுவதில்லை.
"நல்லாயிருக்கு என்றால்? எப்படி? எந்தப் பக்கம்?"

கரண்டியை வாயில் வைத்துக் கண்ணை மூடுகிறான்,
என்ஜினுக்குக் காது கொடுப்பவன் மாதிரி.
"கிளம்புது... ஆனா ரெண்டாவது கியர்லயே நிக்குது."
"புளிப்பா?"
"புளிப்பு முன்னாடி ஓடுது. பின்னாடி லோடு இல்ல."

லோடு தோட்டத்தில் தோண்டி எடுத்து
மணலில் புதைத்து வைத்த குதிரை முள்ளங்கி.
துருவியில் இரண்டு இழுப்பு,
அது பின்னங்காலால் உதைக்கிறது.
கண், நெற்றி, பல்லின் வேர்
ஒன்றும் மிச்சமில்லை.
வாசனை செத்த மூக்குக்குள்
இந்த ஒன்று மட்டும் கதவு தட்டாமல் நுழைகிறது.
மூக்கைச் சிந்திக்கொண்டே சிரிக்கிறாள்.
இருக்கிறேன், என்கிறது முகத்து மேடு.

தமிழில் இதற்கு வசதி உண்டு.
வெளியே உறைகிறது, உள்ளே உறைக்கிறது.
நடுவில் ஒரு க்,
துருவியின் பல் அளவு.

பத்து நாற்பதுக்குத் தொலைபேசி.
டாரல் "ம்" என்றான். மறுபடி "ம்".
பூட்ஸுக்குள் கால் போய்விட்டது.
"இன்னும் ருசி பார்க்கலையே?"
"நீயே பாரு."

நீயே பாரு.
சொன்னவனுக்கு அது உறைக்கவில்லை.
லாரிச் சாவி குலுங்குகிறது.

அவள் நிற்கிறாள்.
கணக்குப்படி முள்ளங்கி ஒரு கரண்டி.
ஒன்று போட்டாள்.
நாக்கில் வைத்தாள். எட்டவில்லை.
இன்னொன்று.
நெற்றியில் பொறி தட்டும்வரை இன்னொன்று.
யார் நாக்கு இது என்று யோசிக்காமல்
சிவப்பு மிளகாய் சாஸையும் சாய்த்தாள்.

தெர்மாஸில் ஊற்றி, இறுக்கி மூடி,
செலரித் தண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றி
வாசலுக்கு ஓடினாள்.
ஓட முடியவில்லை, சறுக்கினாள்.
டாரல் கை நீட்டி வாங்கிக்கொண்டான்,
தெர்மாஸை முதலில், அப்புறம் அவளை.

பன்னிரண்டுக்கு எங்கோ இரண்டு வாணம்.
மிச்சத்தைக் கிளாஸில் ஊற்றினாள்.
விளிம்பில் செலரி உப்பு தடவியபோது நினைத்தாள்,
இந்நேரம் அவனும் உப்புதான் தூவிக்கொண்டிருப்பான்,
டன் கணக்கில்.
குடித்தாள். அழுதாள்.
காரத்துக்குத்தான்.

மூன்றேகாலுக்கு ஃபோன் மினுங்கியது.
டாரல் எழுதியிருந்தான்:
நாலாவது கியர்.

சாற்றைச் சொன்னானா, சாலையைச் சொன்னானா?
கேட்டு எழுதப் போனவள்
விட்டுவிட்டு
துருவியைக் கழுவ எழுந்தாள்.