சில்லறை கொடுத்தவள்

கடலூர் – பாண்டி, தனியார் பஸ்.
காலை முதல் சிங்கிளுக்கே
தோல்பையில் ஐம்பது ஒற்றை ரூபாய் வேண்டும் எனக்கு.
இல்லாவிட்டால்
ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் நாலு சண்டை.

பேருந்து நிலையத்தில், லாரன்ஸ் ரோடு பக்கச் சுவரோரம்
அஞ்சலாட்சி உட்கார்ந்திருப்பாள்.
கிழிந்த காலண்டர் தாளில்
நூறு நூறாய்ப் பொட்டலம்.
நூற்றுக்கு ஐந்து ரூபாய் கூடக் கொடுப்பேன்.
குறைத்துக் கேட்டால்
"பேங்குல போய் வாங்கிக்க" என்பாள்.
ஒருநாளும் நான் பிரித்து எண்ணியதில்லை.
ஆறு வருஷம்.

பிறகு கீரைக்கூடையிலும்
ஸ்கேன் அட்டை தொங்கியது.
"சில்லறை இல்லம்மா" என்று நடந்தவர்கள்
முதல்முறையாக உண்மையைச் சொன்னார்கள்.
பொட்டலம் மூன்றானது, ஒன்றானது,
ஒருநாள் நாற்பத்தேழு ரூபாய்.
"மீதி நாளைக்கு" என்றாள்,
என்னிடம் கடன்பட்டவள் போல.

மாசியில் மாநகராட்சி வேன் வந்தது.
சுவரோரத்தைக் கழுவிவிட்டார்கள்.
"ஊரு சுத்தமாச்சு" என்றார் டைம்கீப்பர்.
நான் மிட்டாய் கொடுத்துச் சமாளித்தேன்.

சித்திரையில் வந்து நின்றாள்.
எண்ணெய் வைத்த தலை, யாருடையதோ புடவை,
கையில் ஒரு விண்ணப்பம்.
விடுதியில் சோறு உண்டாம், பாய் உண்டாம்.
"சோறு போட்டா போதுமா கண்டக்டரே,
பகல் முழுக்க இந்தக் கையை எங்க வெச்சிக்கிறது?"

பத்தாயிரம் கடன். பலாச்சுளை விற்க.
பண்ருட்டியில் என்ன விலைக்கு எடுத்து
எத்தனை சுளை ஒரு கவருக்கு,
சீசன் முடிந்தால் கொய்யா,
எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தாள்.
அந்த விரலைத்தான்
மெஷின் ஏழு தடவை இல்லை என்றதாம்.
முந்திரிக்கொட்டை உடைத்து வெந்த விரல்.
புயலில் தோப்பு சாயும்வரை
சனிக்கிழமை கூலி வாங்கிய கை.

ஜாமீன் கையெழுத்து வேண்டும்.
"மாட்டிக்காத, நாளைக்கு ஓடிட்டான்னா?"
டைம்கீப்பர்தான்.
ஒரு நடை யோசித்தேன்.
இல்லை, இரண்டு நாள். வீட்டிலும் சொல்லவில்லை.

விண்ணப்பதாரரை எத்தனை ஆண்டுகளாகத் தெரியும்?
ஆறு.
என்ன உறவு?
பேனா நின்றது.
அவளுக்கு நான் பிச்சை போட்டதே இல்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.
"வியாபாரம்" என்று எழுதினேன்.

பணம் இன்னும் வரவில்லை. மேனேஜர் லீவாம்.
ஆடி பிறந்துவிட்டது, பலா கடைசிக் கட்டம்.

நேற்று ஏறினாள்,
பாண்டி மார்க்கெட்டில் கொய்யா விலை பார்க்க.
டிக்கெட்டுக்கு நீட்டினாள், ஒற்றை ரூபாய்களாக.
வழக்கம்போல் பையில் கொட்டப் போனவன்
ஒரு நொடி தயங்கினேன்.
கையெழுத்துப் போட்டவனுக்கு வரும் தயக்கம்.
பார்த்துவிட்டாள்.

"எண்ணிக்க" என்றாள்.