தட்டை மூக்கு

நவம்பர் ஒன்பது.
மான் பருவம் திறக்க இன்னும் ஆறு நாள்.
ட்ரெவார்த்தா ஹார்டுவேரில்
எலிப்பொறிகளுக்கும் ஆரஞ்சுச் சட்டைகளுக்கும் நடுவே
கைக்கொரு பெட்டியோடு நிற்கிறேன்.
பூட்ஸில் ஒட்டிவந்த பனி உருகிச்
சிறு குளமாகிவிட்டது.

என்னுடையது லீவர் துப்பாக்கி.
கூர்மூக்குத் தோட்டா அதற்கு ஆகாது.
குழலுக்குள் அவை வரிசையில் நிற்கும்,
பின்னவன் மூக்கு முன்னவன் முதுகில்.
முதுகில்தான் இருக்கிறது பிரைமர்.
ஒரு குலுக்கல், ஒரு கூர்முனை,
வெடிப்பது மானுக்கு வெகுதொலைவில்,
என் இடது உள்ளங்கையில்.
ஆகவே தட்டை மூக்கு,
சுவரில் மோதிக்கொண்ட முகம் மாதிரி.
அதில் எனக்குக் குழப்பமில்லை.

குழப்பம் மூக்கில் இல்லை. உடம்பில்.

ஈயம்: நூற்றெழுபது கிரெய்ன், முப்பத்திரண்டு டாலர்.
செம்பு: நூற்றைம்பது கிரெய்ன், ஐம்பத்தெட்டு.
இரண்டிலும் இருபதே இருபது.

"ஈயம் இளகின மனசு" என்கிறான் கல்லாவிலிருந்து ஜோரி,
"தொட்டதும் விரிந்துவிடும்.
செம்பு பிடிவாதம். வேகம் குறைந்தால் விரியாது,
ஊசி மாதிரி நுழைந்து ஊசி மாதிரியே போய்விடும்.
நூறு கஜத்துக்கு மேல் ஆசைப்படாதே.
ரெய்னோ ஈயத்தைத் தவிர எதையும் தொட்டதில்லையே?"

ரெய்னோ இப்போது தாதுக் கப்பலில்,
டுலூத் போகும் வழியில்.
அவன் தொட்டது, தொடாதது எதையும்
நான் ஜோரியிடம் சொல்லவில்லை.

சொல்லாத இன்னொன்று:
போன டிசம்பரில் எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு
துணிக்கூடையில் ஒரு வெண்தலைக் கழுகு வந்தது.
தலை நிமிராமல், எச்சம் பச்சையாய்.
எக்ஸ்ரே எடுத்தவள் நான்.
வயிற்றில் ஒரு வெள்ளைப் புள்ளி,
அரிசியில் பாதி.
யாரோ காட்டில் விட்டுப்போன மான்குடல்.
வியாழக்கிழமை அது செத்தது.
கூடையைத் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை.

அன்றிரவு எல்லோரும் போன பிறகு
வீட்டு ஃப்ரீசரிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து
அதே மேசையில் கிடத்தினேன்.
கொத்திய மான்கறி, இரண்டு பவுண்டு.
மேலே என் கையெழுத்து.
உள்ளே என் தோட்டா.

திரையில் நட்சத்திரங்கள்.
எண்ணத் தொடங்கி முப்பதில் நிறுத்தினேன்.
அதே மானிலிருந்து நான்கு பொட்டலம்
பக்கத்துவீட்டு இல்மிக்குக் கொடுத்திருந்தேன்,
இரட்டைக் குழந்தைகள், அப்போதுதான் சோறு பிசைந்து ஊட்ட ஆரம்பித்திருந்தாள்.
போய்க் கேட்டேன்.
"ரொம்ப மென்மையான கறி" என்றாள்.
"தீர்ந்துவிட்டது."

செம்பை வாங்கினேன்.

இரவு கப்பலிலிருந்து அழைப்பு.
"எவ்வளவு?" என்றான் ரெய்னோ.
சொன்னேன்.
சுப்பீரியர் ஏரி முழுவதும்
கொஞ்ச நேரம் எங்களுக்கு நடுவே கிடந்தது.
"அட்டையில் சுட்டுப் பார்த்தாயா?"
பார்த்தேன். எண்பது கஜம், நான்கு குண்டு.
மூன்று இரண்டு அங்குலம் தாழ்ந்தன.
நான்காவது எங்கே போனதென்று அட்டைக்கும் தெரியாது.

பதினைந்தாம் தேதி ஒன்றும் வரவில்லை.
பதினாறாம் தேதி நூற்று முப்பது கஜத்தில் ஒரு கிளைக்கொம்பன்,
சிடார் சதுப்பின் ஓரம், பக்கவாட்டில், தாராளமாய்.
போன வருடமாயிருந்தால் சுட்டிருப்பேன்.
லீவரில் விரல்கள் விறைத்துக்கொண்டிருந்தன.
அது நின்றது, மென்றது, போனது.
கெட்ட வார்த்தை ஒன்று என் வாயிலிருந்து
ஆவியாய் வெளியேறியது.

பதினெட்டாம் தேதி, அறுபது கஜம், ஒரு பெண்மான்.
பதினைந்து எட்டு ஓடி விழுந்தது.
குடலைப் பனியில் விட்டேன்.
பாதி வழியில் திரும்பிப் பார்த்தபோதே
ஒரு காகம் வந்துவிட்டிருந்தது.
வரட்டும்.

திங்கட்கிழமை, மேசையில் முதல் பொட்டலம்.
கறுப்பும் சாம்பலுமாய், மேகம் மூடிய வானம்.
ஓரத்தில் மட்டும் ஒரே ஒரு வெள்ளைக் கீற்று.
நெஞ்சு ஒருகணம் நின்றது.

பையை மூட நானே அடித்த
ஸ்டேப்ளர் கம்பி.