நாற்பத்தொன்பதாவது புட்டி

மார்ச் கடைசியில் காய்ச்சினார்கள்.
ஏப்ரல் முடிவதற்குள் பிரிந்துவிட்டார்கள்.
இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
அவன் புட்டியை நீட்ட நீட்ட
அவள் மூடி அடித்தாள்.
இருவரும் பேசிக்கொள்ளவில்லை.
புட்டிக்கு ஒரு சிட்டிகைச் சர்க்கரையை மட்டும்
இருவரும் மறக்கவில்லை.

சோபா யாருக்கு, நாய் யாருக்கு என்று
வக்கீல் வரை போனவர்கள்
பீரை ஐந்தே நிமிடத்தில் பங்கிட்டார்கள்.
அவனுக்கு இருபத்து நான்கு,
அவளுக்கு இருபத்து நான்கு,
மிஞ்சிய ஒன்று வேன் ஓட்டியவனுக்கு.
வேன் ஓட்டியவன் நான்.

ரதோவானின் நிலவறை
சவின்யா ஆற்றுக்கு மேலே, குன்றின் வயிற்றைக் குடைந்து கட்டியது.
ஆகஸ்டிலும் ஒன்பது டிகிரி தாண்டாது.
உருளைக்கிழங்குகூட முளைக்க யோசிக்கும்.
அன்றிரவே பெட்டியை இறக்கிவிட்டான்.
குளிர்தான் காக்கும் என்பது அவன் கட்சி.
காக்கும்தான்.
ஆனால் உள்ளே ஈஸ்ட்டுக்கு இன்னும் வேலை பாக்கி.
அந்தச் சிட்டிகைச் சர்க்கரையைத் தின்று குமிழியாக்க
இருபது டிகிரியில் இரண்டு வாரம் கேட்டது, பாவம்.
கிடைக்கவில்லை.
அடியில் போய் வெளுத்த படலமாகச்
சுருண்டு படுத்துக்கொண்டது.

நெவென்கா குடியேறியது
ஜாலெட்ஸ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்,
ஐந்தாம் மாடி, தகரக் கூரைக்கு நேர் கீழே.
லிஃப்ட் கிடையாது. முதுகு என்னுடையது.
மே மாதம் ஃபோனில் சொன்னாள்:
"நுரை விரல் உயரம் நிற்கிறது,
அவனிடம் சொல்."
நான் சொல்லவில்லை.
ஜூலையில் அந்த அறைக்குள் முப்பத்தைந்து.
அவள் கடல் பக்கம் போயிருந்தாள்.
பெட்டி போகவில்லை.

செப்டம்பர்.
ஹாப் கொடிகளை அறுத்து முடித்து
பள்ளத்தாக்கே கைகழுவாத கை மாதிரி மணந்தது.
நாயை மாற்றிக்கொள்ளும் இடம் என் சமையலறை.
இருவரும் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர்
ஆளுக்கொரு புட்டி கொண்டு வந்திருந்தார்கள்.

அவன் திறந்தான்.
சத்தமே வரவில்லை.
மணம் என்னவோ பச்சைக் கொடியில் பறித்ததுபோல.
ருசி, திருவிழாவுக்கு அலங்கரித்து
வாசலோடு திரும்பிவிட்ட ஆள்.
லேசாகத் தித்தித்தது, அதுவும் தப்பான இடத்தில்.

அவள் திறந்தாள்.
மேஜை, என் சட்டை, நாயின் காது.
மிஞ்சியதை ஊற்றினால் தேநீர் நிறம்.
முதல் வாய் பழைய தேன்.
இரண்டாம் வாய், மழையில் நனைந்த அட்டை.
ஹாப் எங்கே என்று தேடினேன்.
ஜூலையிலேயே கிளம்பியிருக்க வேண்டும்.

"அவசரம்" என்றான்.
"பயம்" என்றாள்.
யார் எதைச் சொன்னார்கள் என்பது
பீரைப் பற்றித்தானா என்று
நாயும் நானும் பார்த்துக்கொண்டோம்.

அப்போதுதான் என்னுடையது ஞாபகம் வந்தது.
எனக்கு ஒரு கட்சியும் இல்லை, சோம்பல்தான்.
அடுப்புக்கு எதிர் அலமாரியில் மூன்று வாரம்
மறந்து வைத்திருந்தேன்.
பிளம் ஜாம் ஜாடிகளுக்கு இடம் வேண்டுமென்று
ஸ்லாவிட்சா ஒரு நாள் அதை எடுத்து
ஃபிரிட்ஜின் அடித்தட்டில், பீட்ரூட்டுக்குப் பின்னால்
திணித்துவிட்டாள்.
ஆக்கப் பொறுத்தது, ஆறவும் பொறுத்தது
தானறியாமல்.

மூடி பெருமூச்சு விட்டது.
அரை லிட்டரை மூன்று கிளாஸில் ஊற்றினேன்.
நுரை ஏறியது, நின்றது,
தன் நேரத்துக்கு இறங்கியது.
கசப்பு நாக்கின் பின்னால் வந்து
உட்கார இடம் கேட்டது.

நெவென்கா கண்ணைத் திறக்காமலே,
"இது எந்தப் பெட்டி?" என்றாள்.
"எல்லாம் ஒரே பானைதானே" என்றான் ரதோவான்.
பிறகு வெகு நேரம் பேச்சில்லை.

ஒன்றும் சேர்ந்துவிடவில்லை.
அவள் நாய்ச் சங்கிலியை மாட்டினாள்.
அவன் காலிப் புட்டியைக் குழாயில் கழுவி
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.
படிவரை போனவன் திரும்பி என்னிடம்தான் கேட்டான்,
அவளுக்கும் காதில் விழும்படி:
பானை என்னிடம் இருக்கிறது.
மூடி அடிக்கிற மெஷின்
யாரிடம்?