தடைக்கால மதிப்பெண்

மீன்பிடித் தடையின் நாற்பத்து மூன்றாம் நாள்.
மண்டபம், வடகடல் பக்கம்,
ஓடாத ஐஸ் கம்பெனியின் மாடியில்
ஐந்து பேர், ஒரு டிவி,
சீனி இபுறாகிமின் மச்சான்
சார்ஜாவிலிருந்து கைலிக்குள் சுற்றிக் கொண்டுவந்த பெட்டி.

டீசல் கணக்கு நோட்டைத் திருப்பி
பின்பக்கத்திலிருந்து மார்க் போடுகிறோம்.
எழுதுவது ஜெனோவா.
அவள் எழுத்துதான் மறுநாளும் படிக்கிற மாதிரி இருக்கும்.

இந்த வருசத்துக் கால்பந்து:
சட்டை மாறியிருக்கிறது.
கோலி அதே மூலையில்தான் ஏமாறுகிறான்.
"பழைய போட்டுக்குப் பெயிண்ட் அடிச்சு
புதுப் பேர் எழுதியிருக்கான்" என்றான் ரெக்ஸன்.
மூன்று.

வாள்சண்டை ஆட்டம்:
குதிரையின் பிடரிமயிர் ஒவ்வொன்றாகப் பறக்கிறது.
அழகு, ஒத்துக்கொள்கிறோம்.
ஆனால் நாற்பது மணிநேரம்
ஊர் ஊராய்ப் போய்
எவனோ தொலைத்த ஆட்டைத் தேடுவதற்கு
அவன் எதற்கு ராஜகுமாரன்?
ஐந்தரை.
அரை மார்க் குதிரைக்கு.

பேய் ஆட்டம் வாங்கிய அன்று ஓடவே இல்லை.
வேகாததை விற்றுவிட்டு
மீதியை நெட்டில் இறக்கிக்கொள் என்கிறார்கள்.
நாற்பத்தெட்டு ஜிபி.
இந்த டவரில் அது இறங்கி முடிய
இரண்டு வத்தம், இரண்டு பெருக்கு.
ஐயாயிரம் ரூபாய் என்பது
ரெக்ஸன் கணக்கில் ஆறு நாள் கடல்.
"ஐஸ் வைக்காத நகரையை நான் இப்படி வித்தா
ஏவாரி மூஞ்சில எறிவான்."
அதற்கு மார்க்கே போடவில்லை.

பிறகு அந்தக் கடல் ஆட்டம்.
அதில்தான் சண்டை வந்தது.

நிலா விழுந்த தண்ணீர் சரி.
மழைக்கு முந்தைய அந்தச் சாம்பல்
எவனோ நனைந்து பார்த்து வரைந்தது.
ஆனால் கச்சானுக்கும் வாடைக்கும்
பாய் ஒரே மாதிரி உப்புகிறது.
இழுத்த வலையில் ஒரு சொறி கூட இல்லை.
வலை கிழியவும் இல்லை.
பொய், பொய் என்று நான் கத்த,
தினமும் விரல் வெட்டுப்பட வலை பொத்துகிறவள்
நோட்டிலிருந்து நிமிராமல் சொன்னாள்:
"கிழியாத வலை.
அதுக்கே பத்து குடுக்கலாம்டா."

காளிராஜ் அதுவரை பேசவில்லை.
அக்கரைச் சிறையிலிருந்து தை மாதம் வந்தவன்.
போட் இன்னும் வரவில்லை.
கன்ட்ரோலர் அவன் கைக்குப் போனது.

அதன் இடக்குச்சி தேய்ந்துவிட்டது.
யாரும் தொடாமலே
கப்பல் கொஞ்சம் கொஞ்சமாய்க் கிழக்கே போகும்.
கம்பெனிக் கோளாறு என்பான் சீனி.
நீவாடு என்பான் ரெக்ஸன்.

வரைபடத்தின் ஓரம் வந்தது.
சிவப்பு எழுத்து:
எல்லையைத் தாண்டுகிறீர்கள், திரும்புங்கள்.
பத்து. ஒன்பது.
காளிராஜ் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு
இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான்.
"பாத்துக்கங்க. நான் தொடல.
இதத்தான் அந்தக் கோர்ட்டுல
மொழிபெயர்க்க வந்தவருகிட்ட
மூணு தடவ சொன்னேன்."
நான்கு. மூன்று.

திரை இருண்டது.
கப்பல் பழையபடி துறைமுகத்தில் நின்றது.
பிடித்த மீன் ஒன்று குறையவில்லை.
கீழே யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள்,
கிளம்பாமல், திரும்பத் திரும்ப.

"மார்க்கு?" என்றாள் ஜெனோவா.
யோசித்தான்.
"கதை ரெண்டு. தண்ணி எட்டு.
தூக்குறதுக்கு முன்னாடி பத்து எண்ணுறான்ல,
அதத் தனியா எழுது."

எழுதினாள்.
எதோடு கூட்டுவது என்று தெரியாமல்
கூட்டல் கோட்டுக்குக் கீழே காலியாகவே கிடக்கிறது.

குச்சி மாற்ற ராமநாதபுரத்தில் அறுநூறு கேட்கிறான்.
தடை முடிய இன்னும் பதினெட்டு நாள்.
நாளைக்குக் கார் ரேஸ்.
அதுவும் கிழக்கேதான் இழுக்கிறதா, பார்க்க வேண்டும்.